அக்கா வீட்டுப் பக்கம் வளைந்த பாலம்

நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். மேலிடம் கோணலாகக் கோடு இழுக்கும். இவர் அதை நேராக்குவார். நடுவில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். மக்கள் கத்துவார்கள், பிஸ்கட் வரும், சத்தம் அடங்கும். பாலம் எங்கே என்பது முன்பே முடிவாகியிருக்கும். பிஸ்கட் எந்தக் கடையில் என்பதுதான் பாக்கி. இந்த ஞானத்திலேயே அவருக்குத் தலை நரைத்தது.

பிறகு சட்டம் மாறியது. இனி பெரிய திட்டம் எந்த வழியாகப் போவது என்று வார்டு மக்களே கைதூக்கி முடிவு செய்வார்களாம். அலுவலகமே சிரித்தது. ஸ்கேல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

மேம்பாலக் கூட்டத்துக்கு முன்பு அக்கா போன் செய்தாள். அவரை வளர்த்து ஆளாக்கியவள். கணவர் போன பிறகு அந்த வீடுதான் அவளுக்குத் துணை.

"தம்பி, எங்க தெருவுல கூட்டத்துக்குப் போகலாமான்னு கேக்கறாங்க. நீ அங்கயே இருக்கறவன், சொல்லு."

"போய் என்னக்கா பண்ணப் போறீங்க? எல்லாம் மேலயே முடிவாயிடுச்சு. பாலம் ஆத்தோரமாத்தான் போகுது, நானே வரைஞ்சிருக்கேன். வெயில்ல அலையாதீங்க."

தம்பி சொன்னால் அப்பீல் கிடையாது. அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆற்றோரத்து மக்கள் குழந்தை குட்டிகளோடு வந்து, வேண்டாம் என்று கை தூக்கினார்கள். சந்தை வழியும் வேண்டாம் என்று சந்தைக்காரர்கள் தூக்கினார்கள். அக்கா தெருவுக்குப் போட்ட நாற்காலிகள் காலி. காலி நாற்காலிக்குக் கை ஏது? இந்த முறை நிஜமாகவே எண்ணினார்கள். பாலம் மரியாதையாக மிச்சமிருந்த அக்கா தெருப் பக்கம் வளைந்தது.

மறுகூட்டத்துக்கு வழி உண்டா என்று ஸ்கேல் சட்டத்தைப் புரட்டினார். வராதவருக்கு ஆட்சேபணை இல்லை என்று கருதப்படும் என்றிருந்தது. வளைவை வரையும் வேலையும் அவர் மேஜைக்கே வந்தது. வரைந்தார். கோடு முதல்முறையாகக் கோணியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பார்.

"நீ என்ன வேணும்னா சொன்ன? வா, சாப்பிடு." பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "ஆமா, தூணு சரியா எங்க வருது?"

அவர் கையால் தரையைக் காட்டினார்.

"நான் உக்காந்திருக்கற எடத்துலக்கா."

அக்கா அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப எழுந்திரு. அது வர்ற வரைக்கும் நான் உக்காந்துக்கறேன்."

அவர் தட்டோடு எழுந்தார். அக்கா உட்கார்ந்தாள்.