நூல் குடித்த அரிசி

அரிசிம்பருப்புச் சோறு எப்படிச் செய்வது என்று எழுதச் சொன்னீர்கள். சமையல்கட்டு வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு உதவும் என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் அந்தச் சோற்றின் பேச்சை எடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு அடுப்பு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். குமாரபாளையத்தில் ஒரு தறிக்கூடத்துக்குச் சமையல்காரியாகப் போனேன். முதல் நாளே முதலாளி இரண்டு அடுப்பைக் காட்டினார். ஒன்று ஆட்களுக்கு. அதில் சோளக்குருணைக் கஞ்சி. இன்னொன்று நூலுக்கு. தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டுமே, அதற்குப் பச்சரிசி! ஊறவைத்து, ஆட்டி, கட்டி தட்டாமல் காய்ச்சி, கடலையெண்ணெய் விட்டு இறக்க வேண்டும்.

"நூலு மொடமொடன்னு நிக்கோணும். அதுல கை இறுக்காத ராமாயி" என்றார்.

"ஆளுகளுக்குங்க?"

"அவங்க என்ன தறியிலயா ஏறப் போறாங்க? வவுறு ரொம்புனாச் சரி."

ஊரில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்தது. முதலாளி வீட்டுக் குதிரில் மட்டும் இருந்தது. அதையும் நூல்தான் குடித்தது. பக்கத்து அடுப்பில் அரிசிக்கஞ்சி மணக்க மணக்க, ஆட்களுக்குக் குருணையை ஊற்றிய கை இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2. நீலப் பொட்டலம்

காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டி, பிரஷால் கஞ்சி தடவுவார்கள். தடவி முடிந்ததும் பானையின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதைச் சாக்கடையில் கொட்ட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. நான் கொட்டவில்லை. கஞ்சி தடவும் பழனியின் மனைவி பாவாயி அப்போதுதான் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். குருணைக் கஞ்சியைக் குடித்து அவளுக்குப் பால் ஊறவில்லை. மிச்சக் கஞ்சியில் உப்பும் மோரும் கரைத்துத் தினமும் பழனியிடம் கொடுத்தனுப்பினேன். எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் முதலாளி ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் நீலமாக மயில்துத்தம். மழைக்காலத்தில் நூலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கஞ்சியில் இதை ஒரு சிட்டிகை சேர்ப்பதுண்டு. விஷம் என்பதால், சேர்த்த அன்று எல்லோரிடமும் சொல்லிவிடுவோம். அன்றோ கொளுத்தும் கோடை.

"இந்த வெயில்ல பூஞ்சை எங்கீங்க புடிக்குது?"

"சொன்னதச் செய்யி. ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்காத. ரெண்டு பேரு வாந்தி எடுத்தாத்தான் பானைப் பக்கம் வரமாட்டாங்க."

"புள்ள பெத்தவ குடிக்கறாளுங்க."

"நூலுக்கு வெச்சத அவள ஆரு குடிக்கச் சொன்னது?"

பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு, வெறும் கஞ்சியைக் காய்ச்சி இறக்கினேன்.

3. பல்வலி

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மயில்துத்தம் சேர்க்காத நாளெல்லாம், பாவு நனைக்கும் முன் முதலாளி சூடம் காட்டி, கஞ்சியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். புளித்த கஞ்சி ஏறினால் இழை அறும் என்பார்கள். அவர் தலையாட்டிய பிறகுதான் பிரஷ் கஞ்சியில் இறங்கும்.

அன்று சூடம் எரிந்து அணைந்தது. முதலாளி பானையைத் தொடவே இல்லை. "ம், ஆகட்டும்" என்றார்.

பழனி நகரவில்லை. "ஏனுங்க, நாக்குல வெக்கலீங்களே?"

"பல்லு வலிக்குது. நீ தடவு."

பல்வலியாம்! நான் ஓர் அகப்பைக் கஞ்சியை மொண்டு அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இதுக்குப் பல்லே வேண்டாமுங்க. ஒரு வாய் குடிங்க."

அவர் பின்னால் நகர்ந்ததைத் தெருவே பார்த்தது. அந்தக் கஞ்சியை நானே மடமடவென்று குடித்தேன். பிறகு மடியை அவிழ்த்துப் பொட்டலத்தைக் காட்டினேன்.

"இதக் கலக்கச் சொன்னாருங்க. பாவாயி குடிக்கறான்னு தெரிஞ்சே சொன்னாருங்க. நாங் கலக்கலீங்க."

பழனி பிரஷைக் கீழே வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி தடவத் தடவக் காய்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும், அன்றைய பாவு வீண். அது எல்லோரையும்விட முதலாளிக்கு நன்றாகத் தெரியும். சற்று நேரம் கத்திப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

"இப்ப என்னதான்டா வேணும்?"

"ஆளுக அடுப்புக்கும் அரிசி போடுங்க. இன்னைக்கே" என்றான் பழனி.

குதிர் திறந்தது.

4. அந்தச் சோறு

நீங்கள் கேட்ட செய்முறை இதுதான். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊறவையுங்கள். கடலையெண்ணெயில் கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை. கை நிறையச் சின்ன வெங்காயம் போட்டு வதக்குங்கள். மஞ்சள், உப்பு சேர்த்து, அரிசியைப் போல மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் அரிசியையும் பருப்பையும் போடுங்கள். தண்ணீர் சுண்டியதும் தணலில் மூடி வையுங்கள். அன்று நூலுக்கு வைத்திருந்த எண்ணெயைத்தான் எடுத்துத் தாராளமாக ஊற்றினேன்.

முதல் சோறு பாவாயிக்குப் போனது. பழனி காலித் தூக்குப்போசியோடு திரும்பி வந்தான். "வழிச்சுத் தின்னுபோட்டு, இன்னும் இருக்குதான்னு கேக்கறாளுங்க" என்றான். மறுபடியும் நிரப்பிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தட்டும். பிறகு எத்தனையோ சமையல்கட்டுகளில் வேலை பார்த்துவிட்டேன். எங்கே போனாலும், ஆட்களுக்கு வடித்த சோற்றில் முதல் கவளத்தை முதலாளியிடம் நீட்டுவேன். நீங்களும் நீட்டுங்கள். மரியாதைக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். விழுங்கும் வரைக்கும் நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.