ஜன்னலால் ஏறிய பியானோ

ஜெர்மனியோடு சண்டை தொடங்கியதும் ஜெர்மன்காரர் என்று சொல்லி ஒரு பியானோ மாஸ்டரைப் பொலிஸ் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனது. வெள்ளவத்தை வீட்டுக்காரர் மாஸ்டருடைய மனைவி பிள்ளைகளை வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார். கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறைதான் கிடைத்தது. பியானோ படியால் ஏறாது என்று மற்ற வண்டிக்காரர்கள் கைவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன், துறைமுகத்தில் பாரம் தூக்கிப் படித்தவன். ஜன்னலைக் கழற்றிவிட்டுக் கப்பி கட்டினேன்.

“விழுந்தா பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. இதிலதான் நான் இனிப் படிப்பிக்கணும்,” என்றார் மாஸ்டரின் மனைவி.

“கப்பலால யானையே இறக்கினனான், நோனா. தள்ளி நில்லுங்கோ.”

அவர் தள்ளி நிற்கவில்லை. என் ஆட்கள் பாடிப் பாடி இழுத்தார்கள். பாட்டு வேகமாகப் போக, பெட்டி ஆடத் தொடங்கியது. நோனா கைதட்டித் தாளத்தைக் குறைத்தார். ஆட்களும் அந்தத் தாளத்துக்கே இழுக்க, பியானோ ஆடாமல் உள்ளே போனது. என் ஆட்களிடம் என்னைவிட நன்றாக வேலை வாங்கியவர் கொழும்பில் அவர் ஒருவர்தான்.