டெம்ப்ரவரி அடுப்படி

எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய ஆங்கிலச் சொல் 'டெம்ப்ரவரி'. அதைக் கொண்டுவந்தவர் அப்பா. ஆவடித் தொழிற்சாலையில் டெம்ப்ரவரியாகச் சேர்ந்து, பல வருடம் காத்திருந்து பர்மனென்ட் ஆனவர். அதனால் அவர் வாயில் அது நம்பிக்கை தரும் சொல். பொறுத்திருந்தால் எல்லாமே ஒருநாள் பர்மனென்ட் ஆகிவிடும் என்று மனதார நம்பினார். கால் உடைந்த கட்டிலுக்கு முட்டுக்கொடுத்த செங்கல், கதவில்லாத ஜன்னலில் தொங்கிய சாக்கு, எதைக் கேட்டாலும் டெம்ப்ரவரிதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து மேனாம்பேட்டில் வீடு கட்டினோம். இரண்டு அறை எழும்பியதும் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. சமையலறைக்கு அஸ்திவாரமும் ஒரு தூணும் மட்டும் நின்றன. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சாய்த்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தரையில் வைத்த அப்பா வழக்கமான சொல்லைச் சொன்னார். அம்மாவின் முகம் வாடியது. குவார்ட்டர்ஸிலும் தரையில்தான் சமைத்தாள். மேடை கட்டி நின்றுகொண்டு சமைக்க வேண்டும் என்பதுதான் அவள் இந்த வீட்டிடம் கேட்ட ஒரே விஷயம்.

சமையல் மேடையை வீட்டுக்காரியின் உயரம் பார்த்துத்தான் கட்டுவார்கள். வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பும்முன் மேஸ்திரி அம்மாவைத் தூணோரம் கூப்பிட்டார்.

"நேரா நில்லுமா. நாளைக்கு நீதானே நின்னுகினு சமைக்கப் போற."

அவள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, தூணில் பூச்சுக் கரணையால் ஒரு கோடு கீறினார். அன்று முழுக்க அம்மா சிரித்த முகமாக இருந்தாள்.

அப்புறம் அக்கா கல்யாணம், என் காலேஜ், அப்பாவின் ஆபரேஷன். வெயிலில் ஷீட் அனலாய்க் கொதித்தது, மழையில் ஒழுகியது. அம்மா அதன்கீழ் ஒரு பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சமைத்தாள். முதலில் மேடை எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அப்பாவுக்கு அது நிம்மதியாகப் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

தொண்ணூறுகளில் அப்பா ரிடையரானார். அம்மாவைப் பூந்தமல்லியில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் சமையலறையைக் கட்டி முடிக்க ஆளைப் பிடித்தார். மேடை கட்டுவதற்குமுன் புது மேஸ்திரி, "அம்மா எங்க நைனா? ஒருதபா நிக்க வச்சுப் பாத்துக்கலாம்" என்றார். அப்பா பெருமையோடு தூணில் இருந்த கோட்டைக் காட்டினார்.

அம்மா திரும்பி வந்து கடப்பாக்கல் மேடையைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கினாள். புது கேஸ் அடுப்பில் பால் வைத்தாள். வருஷக்கணக்காகக் குனிந்தே கிடந்த முதுகு நிமிரவில்லை. மேடை அவள் மார்புக்கு வந்தது. பால் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க முடியவில்லை.

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் கறுத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா பழைய அடுப்படியிலிருந்து தான் உட்காரும் பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள்.

"டெம்ப்ரவரிதானே, விடுங்க."

பால் பொங்கும்வரை அப்பா நிமிரவே இல்லை.