தலைமேல் கவிழும் நீர்

முகத்தில் நீர் வழிந்தால் மூச்சு நின்றுவிடும் என்னும் அச்சம் எனக்கு இளமையிலிருந்தே உண்டு. தலைக்குக் குளிப்பதென்றால் குனிந்து, முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, பிடரியில் மட்டும் ஊற்றிக்கொள்வேன். மகள் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, அது தணிந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து இராமேசுவரம் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவதாக மனைவி நேர்ந்துகொண்டாள். இராமநாதபுரத்திலிருந்து ஒன்றரை மணிப் பயணந்தான். ஆயினும் ஆறு ஆண்டுகள் ஏதேதோ சொல்லித் தள்ளிவந்தேன். சென்ற தையில், தனியாகவே போய் முடித்துக்கொள்வதாக அமைதியாகச் சொன்னாள். அந்த அமைதிதான் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பியது.

அந்த அம்மையார் என் அச்சத்தின் வரலாற்றை அதிகம் வினவவில்லை. எளியதிலிருந்து கடியது வரை படிகளாக எழுதச் சொன்னார். ஈரக்கையால் முகத்தைத் தடவுவது முதற்படி. தலையில் ஒரு வாளி நீர் கவிழ்வது இறுதிப்படி. ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானே தணியும்வரை விலகாமல் நிற்க வேண்டும். துண்டைத் தொடக் கூடாது.

நீர் ஊற்றும் பணியை மனைவி ஏற்றாள். ஒரு திங்களில் இறுதிப்படியையும் ஏறிவிட்டேன் என்று ஆலோசகரிடம் பெருமிதத்தோடு சொன்னேன். எப்படி ஊற்றுகிறார் என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் "ஊத்தப் போறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுகிறாள் என்றேன். கோயிலில் ஒவ்வொரு தீர்த்தக் கிணற்றுச் சுவர்மேலும் நின்று இறைப்பவர் சொல்லிவிட்டா ஊற்றுவார் என்று அவர் சிரித்தார். துண்டை விட்ட நான் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் விளங்கியது.

மறுநாளிலிருந்து முன்னறிவிப்பு நின்றது. செய்தித்தாள் படிக்கையிலும் தலை நனைந்தது. முறையிட்டால், "பாவம் பாக்கக் கூடாதுன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காக" என்பாள்.

பங்குனியில் சென்றோம். கடலில் நனைந்து, ஈர உடையோடு கிணறு கிணறாக நகர்ந்தோம். ஐந்தாம் கிணற்றில் வாளி நீர் முழுவதும் முகத்திலேயே விழுந்தது. நெஞ்சு அடைத்தது, கண்கள் வெளியேறும் வழியைத் தேடின. துடைக்கவில்லை, நகரவுமில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. மேலே நின்றவர் குனிந்து பார்த்தார்.

"என்ன சாமி, தண்ணி பத்தலையா?"

விடைக்குக் காத்திராமல் இன்னொரு வாளியைக் கவிழ்த்தார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த இரண்டாம் வாளியில் மூச்சு நிற்கவில்லை.

அடுத்த கிணறுகளிலும் அச்சம் வந்தது. ஆனால் விரைவில் தணிந்தது. பதினைந்துக்குமேல் குளிர் மட்டுமே தெரிந்தது. கடைசியாகக் கோடி தீர்த்தத்தில் நீராடி, உலர்ந்த உடை மாற்றிச் சன்னதி வரிசையில் நின்றபோது அவள் மெல்லச் சொன்னாள்: "ஒத்தையில வந்து குளிச்சிருந்தா, இது கணக்குல சேருமான்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்திருக்கும்."

இருவருக்கும் நல்ல பசி.