சுப்பர் டீசல் வரட்டும்

ஜெர்மனியில் எரிபொருளை நாங்களே இறங்கி அடிக்க வேண்டும். குழாயின் பிடியில் சின்ன அடையாளம் ஒன்று ஒட்டியிருக்கும்: பெற்றோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால், தாவர எண்ணெயில் செய்த டீசல் நூற்றுக்கு ஏழு பங்குவரை கலந்திருக்கலாம் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சதுரத்தையே பார்த்து நிற்கிறேன். போன கிழமை பின்னால் காத்திருந்த ஜெர்மன்காரி, வாசிக்கத் தெரியாதவன் என்று நினைத்தாளாக்கும், இறங்கி வந்து "டீசல், டீசல்" என்று விரல் வைத்துக் காட்டினாள். நன்றி சொன்னேன். செத்துப்போன அண்ணா என் காதுக்குள் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அண்ணா கொழும்பில், கொட்டாஞ்சேனையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓட்டியவர். அங்கே டீசல் இரண்டு வகை: சாதாரண ஓட்டோ டீசல், கந்தகம் குறைந்த சுப்பர் டீசல். புது வான் வாங்கியபோது, சுப்பர் மட்டும்தான் அடிக்க வேண்டும் என்று இங்கிருந்து சட்டம் போட்டவன் நான். பிறகு நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. டீசல் வரிசையில் நின்ற இரண்டாம் நாள் அண்ணா எனக்குப் போன் எடுத்தார்.

"ஓட்டோ வந்திட்டுதடா. அடிக்கட்டே?"

"வேண்டாமண்ணா, இஞ்சின் பழுதாப்போயிடும். சுப்பர் வரட்டும்."

"ஓமடா, நீ சொன்னாச் சரி."

அடுத்த நாள் மத்தியானம், அதே வரிசையில், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடி போய்விட்டார். மாரடைப்பு. ஒரு தடவை ஓட்டோ அடித்தால் இஞ்சின் ஒன்றும் செத்துப்போகாது. அது எனக்கு அப்போதே தெரியும். என் மேதாவித்தனத்தை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இந்த முறை கொழும்புக்குப் போனபோது, அண்ணியை ஏற்றிக்கொண்டு அந்த வானில் பெற்றோல் ஷெட்டுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் இறங்கிக் குழாயைப் பிடிக்கப் போக, அங்கே வேலை செய்பவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கினார். சுப்பரா, ஓட்டோவா என்று சிங்களத்தில் கேட்டார். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணிதான் "சுப்பர்" என்றார்.

"ஓட்டோவும் அடிக்கலாம் அண்ணி. அண்டைக்கும் அடிச்சிருக்கலாம்."

"சும்மா இருங்கோ தம்பி. எல்லாரும் ஓட்டோ அடிச்சுக்கொண்டு வீட்டை போகேக்கையும் உங்கட அண்ணா அசையேல்லை. தம்பி சொன்னா அதில விசயம் இருக்குமெண்டு நிண்டவர்."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். வானைக் கிளப்பி வீதியில் ஏறினேன்.

"தம்பி, இடப்பக்கம்! இடப்பக்கம்!"

ஜெர்மனியில் ஓடுவதுபோல வலப்பக்கம் ஏறி, எதிரே வருகிறவர்களின் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். பதறிப்போய் வெட்டித் திருப்பி ஓரமாக நிறுத்தினேன். அண்ணி நெஞ்சில் கைவைத்தபடி மூச்சு வாங்கினார். பிறகு என்னைத் தேற்றினார்.

"பரவாயில்லை, ஓடுங்கோ தம்பி. உங்களை நம்பித்தானே ஏறினனான்."