அக்லாயா கேட்ட மதகு

கூட்டம் தொடங்க அரைமணி இருக்கும்போதே முன்வரிசையில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பார் அக்லாயா. அண்டை நாடுகளுக்கு என்ன செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஊராரைக் கேட்கிற கூட்டம் அது. மொல்தோவாவில் எங்கே கூட்டினாலும் வந்துவிடுவார்; இது பதினோராவது. பள்ளிக்கூடச் சமையல்காரி. மக்காச்சோளக் களியைக் கிளறிக் கிளறிக் காய்த்துப்போன கை, பேசும்போது காற்றையும் கிளறும்.

கேட்பது ஒன்றே ஒன்று. புரூத் ஆற்றங்கரையில் ஒரு மதகு. சோவியத் காலத்தில் கரையை உயர்த்தியதோடு ஆற்றுத் தண்ணீர் ஊர் ஏரிக்குள் வருவது நின்றது. வருடா வருடம் சுருங்கிய ஏரி, ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரேயடியாக வற்றியது. மீனை நம்பியிருந்த மகள் இலிங்கா, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இத்தாலிக்குக் கிளம்பினாள். "தண்ணி வரட்டும்மா, மறுநாளே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேச்சுக்குச் சொன்னாளோ என்னவோ, பெற்றவள் அதையே பிடித்துக்கொண்டுவிட்டார்.

கொள்கை அறிக்கையை யாராவது வாசித்தால் இவர் பக்கத்திலிருப்பவருக்கு உரை சொல்வார். "அனைவரையும் உள்ளடக்கியன்னா, என்னையும் கேப்பாங்கன்னு அர்த்தம். பசுமையா? தண்ணிய விடுங்க, அது தானா வரும்." மேயர் கோஸ்தாக்கி இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஐரோப்பாவின் மாமியார்'. மருமகன் லட்சணமாக இருந்தால் நான் ஏன் அதட்டப்போகிறேன் என்பார் இவர்.

கல்லும் கரைந்தது. இந்த முறை மதகு கட்டித்தர ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும்; அன்றே கடைசி நாள். வாங்க வந்த அதிகாரி சோரினா, பக்கத்து நகரத்துப் பெண், நல்ல மாதிரி. அக்லாயாவின் படிவத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். பயனடைவோர் என்ற இடத்தில் மூன்று என்று இருந்தது.

"அத்தை, பதிவேட்டுல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

"எம் பொண்ணும் பேரனும் இருக்காங்கல்ல?"

இங்கே குடியிருப்பவர்களை மட்டும்தான் எழுத வேண்டும், பதிவேட்டோடு ஒத்துவராவிட்டால் ஊர் விண்ணப்பமே திரும்பிவிடும் என்று சோரினா தணிந்த குரலில் விளக்கினாள்.

"அவங்களுக்காகத்தானே கண்ணு நான் கேட்டதே."

சோரினா படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பின்னால் ஊரே படிவத்தோடு வரிசையில் நின்றது. அக்லாயாவுக்கு அந்த நிமிடம் மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஏரி, மதகு, ஐரோப்பா எதுவும் வேண்டாம், அவள் முகம் மட்டும் போதும் என்றிருந்தது.

"அந்த மூணை நீயே அடிச்சிடும்மா. என் கையால ஆகாது."

"எழுதினவங்கதான் அடிச்சுக் கையெழுத்துப் போடணும், அத்தை. நான் தொடக்கூடாது."

அக்லாயா பேனாவை வாங்கினார். முனையை அந்த எண்ணின்மேல் சரியாக வைத்தார். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு கோட்டை இழுத்தார்.