நாவல்பழ நிறத்தில் ஒரு பிக்கப்

அந்த வண்டியை நான் முதன்முதலில் பார்த்தபோது டிரைவர் சீட்டில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் எங்கள் சந்திலிருந்து பஸ் ஏறப் போகும் வழியில் பந்தல்காரர் ஒருவரின் கிடங்கு இருக்கிறது. மூங்கில், தார்ப்பாய், சிவப்பு நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அந்தக் கிடங்கின் பின்புறம் பழைய பிக்கப் ஒன்று நின்றது. ஜீப்பின் முகம், இரண்டு வட்ட விளக்கு, பின்னால் குட்டையான தொட்டி. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ரோட்டுக்கு வந்த வண்டி. பூசணிக்கொடி ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியே வந்திருந்தது.

கல்யாணமாகிக் கரூரிலிருந்து நான் இங்கே வந்து அப்போது ஒரு வருஷம்தான். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். பிறர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பேன். சாயங்காலம் எழுந்தால் தொட்டுக் காட்ட கையில் ஒன்றும் இருக்காது. கரூரில் எங்கள் தெருக்கோடியில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை இருந்ததால், தகரத்தைப் பார்த்தால் எது செத்தது, எது பிழைக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இந்த வண்டியில் தரைத்தகடு செத்திருந்தது. வண்டியையே தாங்கும் சேஸ் பிழைத்திருந்தது.

சாப்பிடும்போது கணவரிடம் பேச்செடுத்தேன். அவர் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேகன் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். பிறந்து வளர்ந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டில் தமிழ்தான், ஆனால் கோபமோ சந்தோஷமோ வந்தால் வாயில் வங்காளம்தான் வரும்.

"ஏங்க, ஒரு வண்டி வாங்கலாமுங்களா?"

"ஸ்கூட்டரா?"

"பிக்கப்புங்க. பழசு."

"எதுக்கு? நாம என்ன மீன் வியாபாரமா பண்றோம்?"

"சும்மாதானுங்க. நாமளே சரி பண்ணலாம்."

அவர் சோறு பிசைவதை நிறுத்தினார். "என்ஜின் உள்ளே இருக்கா?" என்றார். வாங்கியாயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பந்தல்காரர் பெரிய பேரம் எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: பூசணி முற்றட்டும், அதற்கப்புறம் எடுத்துப் போங்கள். மூன்று வாரம் காத்திருந்தோம். வண்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் அதன் காகிதங்கள், இரண்டு பூசணிக்காய் கிடைத்தன. அவருடைய ஆட்கள் எட்டுப் பேர், காற்றில்லாத டயர்களோடு மூங்கிலால் நெம்பியும் தள்ளியும் எங்கள் வீட்டு வாசல் வளைவுக்கு அடியில் நுழைத்து, முற்றத்து நாவல் மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நாங்கள் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் வீட்டுக்காரம்மா. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை, மகள் பெங்களூரில். எனக்கு அவர் மாஷிமா, அதாவது பெரியம்மா. அவருக்கு நான் பௌமா, அதாவது மருமகள். அவர் பேசியதெல்லாம் வங்காளம். என் மனசில் பதிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "பௌமா, இது எத்தனை நாள் இங்கே நிக்கும்?" என்றார்.

"ஆறு மாசம் மாஷிமா."

இரண்டரை வருஷம் நின்றது.

மறுநாளே படிக்கட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை சுத்தியல் கூடாது. இந்த ஊரில் மத்தியானத் தூக்கம் பூஜை மாதிரி, அதில் கை வைக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சத்தமில்லாத வேலையாக உப்புத்தாள் போட்டேன். கதவில் ஐந்து அடுக்குப் பெயிண்ட் இருந்தது. தேய்க்கத் தேய்க்க பச்சை, சாம்பல், நீலம் என்று பழைய முதலாளிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நாலாவது நாள் மாஷிமா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்.

"சுத்தியலையே எடு. அதுன்னா ஒரு அடி, முடிஞ்சுபோகும். இது எலி கரண்டுற மாதிரி இருக்கு. ரெண்டு மணி நேரமா எந்த அலமாரியில எலின்னு தேடிக்கிட்டிருக்கேன்."

அன்றோடு அந்தத் தாள் படிக்கட்டிலிருந்து இறங்கியது.

என்ஜின் இறுகிக் கிடந்தது. கணவர் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து சிலிண்டர்களுக்குள் ஊற்றினார். தினமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன், யூனிபாரத்தோடு முன்பக்கம் கைப்பிடியைச் செருகி ஒரு முறை முறுக்கிப் பார்ப்பார். அசையாது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒன்பதாம் நாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் ஒரே கூச்சல்.

"நொடேச்சே! நொடேச்சே!"

நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தது. மாடியிலிருந்து மாஷிமா, "என்ன நகர்ந்தது? வீடா?" என்று கத்தினார்.

சனிக்கிழமைகளில் நான் மல்லிக் பஜாருக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் இடம். கார்புரேட்டர்கள் வெங்காயம் மாதிரி குவிந்து கிடக்கும். முதல் தடவை போனபோது கடைக்காரர்கள் என் பின்னால் ஆண் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார்கள். நான் பையிலிருந்து உடைந்த ஹெட்லைட் வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அதன்பின் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என்னுடைய வங்காளமும் இந்தியும் அங்கேதான் வளர்ந்தன. "உன் பேச்சு கராஜ் மிஸ்திரி பேச்சு மாதிரி இருக்கு" என்று மாஷிமா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்களோடு வாய் திறந்து பேசும் தைரியம் எனக்கு அதற்கப்புறம்தான் வந்தது.

தரைத்தகடு முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தோம். வெட்டுவதும் மட்டம் பார்ப்பதும் நான், வெல்டிங் அவர். பின்தொட்டியை மரத்தில் செய்து, இரண்டு பக்கமும் மடக்கு பெஞ்சு வைத்து, மேலே தகரக் கூரை போட வேண்டும் என்பது என் திட்டம். ஒரு வாரம் ஆபீஸ் வேலை நெருக்கியதால் தொட்டியை அவர் பொறுப்பில் விட்டேன். அதுதான் தப்பு. அவர் ரயில்வேக்காரர். அறுபது டன் தாங்கும் வேகனைப் பார்த்தே பழகிய கண். வந்து பார்த்தால் மூன்று விரற்கடைத் தடிமனில் சால் மரப்பலகை, அதன் அடியில் இரும்புச் சட்டம், சட்டத்துக்கு அடியில் இன்னொரு சட்டம். வண்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தது.

"இதுல என்னங்க ஏத்தப் போறீங்க? யானையா?"

"ஸ்ட்ராங்கா இருக்க வேண்டாமா?"

"நிக்கறதுக்கே தெம்பில்லாம குந்திக்கிச்சுங்க பாருங்க!"

"தூர்!" என்று வங்காளத்தில் சீறினார். "ஒரு வாரம் ராப்பகலா உழைச்சேன், ஒரு வார்த்தை நல்லா சொன்னியா?"

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அவர் தனியாக உட்கார்ந்து அடிச்சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் இரும்புத்தூள். நானும் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பலகையில் பாதியைக் கழற்றிய பிறகு வண்டி முனகிக்கொண்டே நிமிர்ந்தது. நிமிர்ந்த அழகில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழற்றிய பலகையில் எங்களுக்குச் சாப்பாட்டு மேஜை ஆயிற்று. அதை நகர்த்த இன்றைக்கும் நாலு பேர் வேண்டும்.

பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பழைய புடவைகளை மறைப்பாகக் கட்டி, பாலாடை நிறத்தில் பெயிண்ட் அடித்தோம். கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அது ஜூன் மாதம். தலைக்கு மேலே நாவல் மரம் இருக்கிறதே என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் ஒரு காற்றடித்தது. காலையில் பார்த்தால் பானெட், கூரை, கதவு எல்லாம் ஊதாச் சிதறல். பழம் விழுந்தது போதாதென்று மைனாக்களும் தங்கள் பங்கைச் செய்திருந்தன. துடைத்தோம். பரவியது. எனக்கு அழுகையே வந்தது. அவர் ஒரு பழத்தை எடுத்து, கறை படாத ஒரே இடத்தில் நன்றாகத் தேய்த்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"இந்தக் கலரே நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

அப்படித்தான் அது நாவல்பழ நிறமானது. இந்தத் தடவை பழம் ஓயும்வரை காத்திருந்து அடித்தோம்.

வண்டியை மறுபடி ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் அதிகாரி பார்த்துத் தகுதிச் சான்று தர வேண்டும். கணவர் பலமுறை அலைந்து ஒரு திங்கட்கிழமைக்குத் தேதி வாங்கினார். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, வண்டியை ஸ்டார்ட் செய்து மெல்ல வாசலுக்குக் கொண்டுபோனோம். சந்திலிருந்தவர்கள் எல்லாரும் டீ கிளாஸோடு கூடிவிட்டார்கள். நான் முன்னால் நின்று, வா வா என்று கையாட்டினேன். 'டங்' என்றது. பின்தொட்டிக்கு மேல் போட்ட தகரக் கூரை வாசல் வளைவில் முட்டியது.

உள்ளே வந்தபோது தொட்டிக்கு மேல் இந்தக் கூரை இல்லை, டயரில் காற்றில்லை. போதாததற்கு இடையில் மழைத் தண்ணீர் தேங்குகிறதென்று சந்தின் தரையையும் ஒரு சாண் உயர்த்திப் போட்டிருந்தார்கள். அளந்து பார்த்தேன். நாலு விரற்கடை இடித்தது. சந்தில் ஆளுக்கொரு யோசனை. டயரில் காற்றை இறக்கச் சொன்னார் ஒருவர், இறக்கினோம். இன்னும் இரண்டு விரல் இடித்தது. பின்தொட்டியில் பத்துப் பேர் ஏறி அழுத்தலாம் என்றார் இன்னொருவர். ஏறினார்கள். வண்டி குந்தியதற்கப்புறம் அவர் கூடுதல் பட்டை போட்டு இறுக்கிய ஸ்பிரிங் அசையவே இல்லை. அந்த நேரத்திலும் கணவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. கூரையைப் பிரிப்பதென்றால் வெல்டிங்கை அறுத்து, மறுபடி பட்டி, மறுபடி பெயிண்ட். மறுநாள் தேதி போய்விடும்.

மாஷிமா இறங்கி வந்தார். கூரையைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். சிமெண்டில் பூவேலை செய்த வளைவு அது. நடுவில் வங்காள எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

"இடிச்சுடுங்க" என்றார்.

"மாஷிமா, வேண்டாம். வீட்டோட பேரு."

"வீட்டோட பேரு இல்ல. என் மாமியாரோட பேரு. முப்பத்தெட்டு வருஷமா அதுக்கு அடியில தலை குனிஞ்சு போய்ட்டு வந்திருக்கேன். இடி."

கூட்டத்தில் கிழவர் ஒருவர் தொடங்கிவைத்து, சந்து முழுக்கச் சிரித்தது. பக்கத்து வீட்டில் கட்டிட வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் சுத்தியலை ஓங்கும் முன் மாஷிமா, "கொஞ்சம் நில்லுங்க" என்றார். மனசு மாறிவிட்டதோ என்று நான் நினைத்தேன். அவர் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து, நல்ல இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப ஆரம்பிங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பெயர் இருந்த துண்டு விழுந்ததும் எழுந்து போய், அதை எடுத்து தூசி தட்டி மாடிக்குக் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை முன்சீட்டில் மூன்று பேர். கணவர் ஓட்ட, நடுவில் கியர் கம்பிக்கு ஒதுங்கி நான், ஜன்னலோரம் மாஷிமா. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நல்ல தாந்த் கைத்தறிப் புடவை கட்டி, கைப்பையோடு வந்து ஏறிக்கொண்டார். அதிகாரி பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், அடியில் குனிந்து தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

"யார் செய்த வேலை?"

"நாங்கதான்."

இன்னொரு முறை தட்டினார். "இது பாலம் கட்டுற மாதிரியில்ல இருக்கு" என்றபடி கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கணவர் பெரிய வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். மாஷிமா கைப்பையைத் திறந்து, ஈர இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த சந்தேஷ் இனிப்பை ஆளுக்கொன்று கொடுத்தார்.

இப்போது ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். அந்தத் தொட்டியில் நாற்றங்கால் செடிகள் வந்திருக்கின்றன, யார் வீட்டுக் கட்டிலோ போயிருக்கிறது, சந்துப் பிள்ளைகளின் சரஸ்வதி சிலை போயிருக்கிறது. வைப்பர் மட்டும் இன்றுவரை சரியாகவில்லை. மல்லிக் பஜாரில் மூன்று மோட்டார் வாங்கி மாற்றியாயிற்று.

போன மழைக்காலத்தில், ஜாதவ்பூரில் ஒரு சிநேகிதியைப் பார்க்க வேண்டுமென்று மாஷிமா கிளம்பினார். போகும்போது வெயில். திரும்பும்போது பெரிய பாலத்தின் நடுவில் மழை கொட்டியது. வைப்பர் பாதி வழியில் நின்றது. கண்ணாடிக்கு முன்னால் வெறும் வெள்ளை. நான் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஊர்ந்தேன். மாஷிமா ஜன்னலை இறக்கி, சீட்டுக்கடியில் கிடந்த துண்டை எடுத்து, தோள் வரை கையை வெளியே நீட்டி எட்டியவரை கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மாஷிமா, நனையறீங்க! கையை உள்ளே எடுங்க!"

"நீ ரோட்டைப் பாரு பௌமா" என்றார். மழை அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "இது தென்மேற்குப் பருவமழை. கீழே கங்கை. நேரா போ."